நூறு சுற்று, ஒரு முடிச்சு

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் போகும் மலைச்சாலையில், கல்லாறைத் தாண்டிச் சில கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் பர்லியார் வந்துவிடும். டீக்கடைகள், குரங்குகள், சாலையோரப் பழக்கூடைகள் என்று வண்டிகள் சற்றே இளைப்பாறும் ஊர். ஊட்டியின் உயரத்தில் பாதிகூட இல்லை. அதனால் குளிர் குறைவு, ஈரம் அதிகம். இங்குள்ள தோட்டக்கலைப் பண்ணை 1871-இலிருந்து அரசின் கையில் இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று தென்கிழக்கு ஆசிய மரங்கள் இந்தப் புழுக்கத்தை விரும்பி வளர்கின்றன. பருவத்தில் வந்தால் ரம்புட்டானும் கூடையில் இருக்கும். சிவந்த உருண்டை, மேலெல்லாம் வளைந்த மென்முடி. முதன்முறை பார்க்கும் குழந்தை அதைத் தின்னக் கேட்பதற்கு முன்னால் தடவித்தான் பார்க்கும்.

ஊட்டியிலிருந்து இறங்கிவரும் பேருந்துகளில் பார்த்தால், குழந்தைகளின் தலைகளிலும் அதே உருவம் தெரியும். மலையில் பிள்ளைகள் போடும் கம்பளிக் குல்லாவின் உச்சியில் உல்லன் நூலால் செய்த ஒரு பந்து ஆடிக்கொண்டிருக்கும். சமவெளித் தமிழர்களுக்கும் அது புதிதல்ல. சடையின் நுனியில் கட்டும் குஞ்சலமும், மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் தொங்கும் வண்ணக் குஞ்சமும் அதன் உறவுகள்தாம். நூலைச் சுற்று, நடுவில் கட்டு, ஓரத்தை வெட்டு. மூன்றே வேலை. ஆறு வயதுப் பிள்ளை செய்துவிடும். ஆனால் அந்தப் பந்தில் பசை இல்லை, தையல் இல்லை, ஊசி இல்லை. அப்படியிருந்தும் இருநூறு துண்டு நூல்கள் வருடக்கணக்கில் உதிராமல் ஒன்றாக நிற்கின்றன. எது அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில் கொட்டும். சாலையில் மண் சரியும், மலை ரயில் நிற்கும், பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். வீட்டில் அடைபட்ட பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் கேள்வியைக் கையாலேயே ஆராய்ந்து பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

தேவையானவை: இரண்டு அட்டைத் துண்டு, கத்தரிக்கோல், நல்ல பருத்தி நூல் கொஞ்சம், உல்லன் நூல். பழைய நோட்டின் அட்டையே போதும். 9 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் 3 செ.மீ. விட்டத்தில் ஓர் ஓட்டை. இரண்டு வளையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நூலை ஓட்டைக்குள் விட்டு வெளியே எடுத்து, வளையம் முழுக்கச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். போதுமான அளவு சுற்றியதும் வெளி விளிம்பில் கத்தரியை நுழைத்து, இரண்டு அட்டைகளுக்கும் நடுவே சுற்றிலும் வெட்ட வேண்டும். இதைப் பெரியவர் செய்வது நல்லது. பிறகு அட்டைகளின் இடைவெளியில் பருத்தி நூலை ஓட்டி இறுக்கிக் கட்டி, அட்டைகளை உருவினால் பந்து.

குழந்தையிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: பந்து எவ்வளவு பெரிதாக வரும்? அட்டை எவ்வளவோ அவ்வளவு, 9 செ.மீ., என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வருவது 6 செ.மீ. ஏனென்றால் நூல் ஒவ்வொன்றும் ஓட்டையின் விளிம்பில்தான் கட்டப்படுகிறது. அங்கிருந்து வெளி விளிம்பு வரை உள்ள தூரம், அதாவது வளையத்தின் அகலமான 3 செ.மீ.தான் பந்தின் ஆரம். அட்டையின் விட்டத்திலிருந்து ஓட்டையின் விட்டத்தைக் கழித்தால் பந்தின் விட்டம். செய்வதற்கு முன் கணித்து, செய்த பின் அளந்து சரிபார்க்கலாம். அறிவியல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டு செயல்களும் அவற்றுக்கு இடையே இருக்கும் ஆவலும்தான். அதனால் இந்தக் கேள்வியை யாரும் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது என்பேன்.

அட்டை இல்லாமல் விரல்களிலேயே சுற்றும் முறையும் உண்டு. நான்கு விரல்களைச் சேர்த்து நூறு சுற்று சுற்றி, கழற்றி, நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் உள்ள கண்ணிகளை வெட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் இரண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனை. ஆக நூறு சுற்றில் 400 முனைகள். கைக்கு 6 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 12 செ.மீ. நூல், நூறு சுற்றுக்கு 12 மீட்டர். இனி, இதைப்போல இரண்டு மடங்கு பெரிய பந்து வேண்டும் என்று பிள்ளை ஆசைப்பட்டால்? இரண்டு மடங்கு நூல் போதும் என்று தோன்றும். போதாது. பந்தின் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. அதை அதே அடர்த்தியில் மூட நான்கு மடங்கு முனைகள் வேண்டும். ஒவ்வொரு துண்டும் இரண்டு மடங்கு நீளம். மொத்தம் எட்டு மடங்கு, 96 மீட்டர். தாளில் தட்டையாய் விரிந்திருக்கும் சூத்திரத்தைவிட, கண்முன்னே தீர்ந்துபோகும் நூல்கண்டு கனஅளவைப் பற்றி நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

அடுத்து, உருண்டை. கட்டியதும் கையில் இருப்பது பந்து அல்ல, ஒரு கத்தை. இரண்டு பக்கமும் விரிந்த விளக்குமாறு மாதிரி இருக்கும். அதைக் கசக்கி உதறினால் தானே உருண்டு நிற்கிறது. யாரும் அதை உருட்டவில்லை. நடுவில் கட்டப்பட்ட சம நீளத் துண்டுகளின் முனைகள் எல்லாம் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருந்தாக வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் உள்ள புள்ளிகளின் கூட்டம்தான் கோளம். ஆனால் அது பாதிக் காரணம்தான். முனைகள் எல்லாத் திசைகளிலும் பரவ வேண்டுமே, அதைச் செய்வது நெருக்கடி. முடிச்சின் அருகே இருநூறு நூல்களும் ஒரு சுண்டுவிரல் கனத்துக்குள் நசுங்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்து நூலைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட நூல் இடம் காலியாக உள்ள பக்கம் சாய்கிறது. மையத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு நூலுக்கும் கிடைக்கும் இடம் நான்கு மடங்கு. எல்லாருக்கும் ஏறக்குறைய சமமான இடம் கிடைக்கும் வரை தள்ளல் ஓயாது. அந்தச் சமரசத்தின் உருவம்தான் உருண்டை.

நூல் குறைவாக இருந்தால் இந்த நெருக்கடி இராது. இருபது சுற்றில் ஒரு பந்து செய்து பாருங்கள். நூல்கள் தங்கள் எடைக்கே வளைந்து, தலை கவிழ்ந்து, குஞ்சலமாகத் தொங்கும். சடைக்குஞ்சலம் தொங்குவதும் குல்லாப் பந்து நிமிர்ந்து நிற்பதும் நூலின் குணத்தால் மட்டும் அல்ல. எத்தனை நூல்கள், எவ்வளவு நீளம் என்பதாலும்தான். துண்டு நீளமாக நீளமாக வளைவதும் எளிதாகிவிடும். இருபது, நாற்பது, எண்பது, நூற்றறுபது என்று சுற்றைக் கூட்டி நான்கு பந்துகள் செய்து வரிசையாக வைத்தால், தொங்கல் எந்த இடத்தில் பந்தாக மாறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். தடித்த நூலுக்கு ஒரு விடை, மெல்லிய நூலுக்கு வேறு விடை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இதில் சண்டை வரும். வரட்டும், அளந்து தீர்க்கக்கூடிய சண்டை.

முடிச்சுக்கு வருவோம். பிள்ளைகள் செய்யும் பந்து பிரிந்துபோவதற்கு ஒன்பது முறை பார்த்தால் எட்டு முறை முடிச்சுதான் காரணமாக இருக்கும். முதல் முடிச்சை இழுத்து இறுக்கிவிட்டு, இரண்டாவது முடிச்சுக்காகக் கையை எடுத்த கணத்தில் முதலாவது தளர்ந்துவிடும். “அம்மா, இங்க ஒரு விரல் வை” என்று பிள்ளை கூப்பிடும். விரல் வைக்காமலே வேலை முடிய ஒரு வழி இருக்கிறது. முதல் முடிச்சில் நூலை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை சுற்றிப் பிறகு இழுங்கள். முடிச்சு அப்படியே நிற்கும். அறுவைச் சிகிச்சையில் தையல் போடும் மருத்துவர்களும் இதே இரட்டைச் சுற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே ஒரு கூடுதல் சுற்று எப்படி இவ்வளவு மாற்றம் செய்கிறது? மாட்டுக் கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடிப்பவருக்கு விடை தெரியும். 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் அதைச் சமன்பாடாக எழுதினார். தூணைச் சுற்றிய கயிற்றின் ஒவ்வொரு சிறு பகுதியும் தூணை அழுத்துகிறது. அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது. அந்த உராய்வு அடுத்த பகுதியின் இழுவிசையைக் குறைத்துக் கொடுக்கிறது. ஆக, விளைவு கூட்டலாக அல்ல, பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். ஒரு முழுச் சுற்றில், மறுமுனையில் இருப்பதைப்போல 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கலாம். இரண்டு சுற்றில் 13 மடங்கு அல்ல, 43 மடங்கு. மூன்று சுற்றில் 285 மடங்கு. முடிச்சு என்பது கயிறு தன்னைத்தானே தூணாக வைத்துச் சுற்றிக்கொள்வது.

இந்த உண்மையைக் கையில் வைத்திருப்பவர்கள் நம் பூ கட்டும் பெண்கள். மல்லிகைக் காம்புகளை எதிரெதிராக அடுக்கி, வாழைநாரை ஒரு சுற்று சுற்றி, சுருக்கு மாட்டி இழுக்கும் அந்த விரல் வேகத்தில் முடிச்சின் இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. காம்பு நசுங்கிவிடக் கூடாது, பூ உதிர்ந்துவிடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இழுப்பு. நாரை நனைத்துக் கட்டுவதற்கும் காரணம் உண்டு. காய்ந்த நார் விறைத்து முறியும், நனைந்தது வளைந்து காம்போடு ஒட்டிக்கொள்ளும். நம் பந்தை இறுக்க உல்லன் நூலையே பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்வதும் இதே வகை அனுபவம்தான். உல்லன் நீளும். இழுத்துக் கட்டும்போது நீண்ட நூல் காலப்போக்கில் தளரும், பிடி விடும். பருத்தி நூல் அவ்வளவாக நீளாது. வீட்டில் பூ கட்டத் தெரிந்த பாட்டி இருந்தால், இந்த ஒரு கட்டத்துக்கு அவரையே ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நூலை ஒரு முழுப்பொருளாகவே பேசிவிட்டோம். ஆனால் நூலே ஒரு கூட்டம்தான். வெட்டி மிஞ்சிய ஒரு சாண் உல்லன் நூலை எடுத்து, அது முறுக்கப்பட்ட திசைக்கு எதிராகத் திருகுங்கள். முறுக்கு அவிழ்ந்து புரிகள் தனித்தனியாகும். ஒரு புரியை மட்டும் பிடித்து இன்னும் முறுக்கவிழ்த்து மெல்ல இழுத்தால், அறுபடும் சத்தம் எதுவும் இல்லாமல் இரண்டாக விலகிவிடும். நார்கள் அறுபடவில்லை, வழுக்கி விலகின. கம்பளி நார் ஒவ்வொன்றும் சில அங்குல நீளமே. அவை நூலில் முடிச்சுப் போடப்படவில்லை, ஒட்டப்படவும் இல்லை.

கலிலியோ இதைப் பற்றி யோசித்தவர். 1638-இல் உரையாடல் வடிவில் வெளிவந்த அவருடைய கடைசிப் புத்தகத்தில், சில முழ நீளமே உள்ள நார்களால் ஆன கயிறு நூறு முழ நீளத்துக்கும் எப்படி வலிமையோடு இருக்கிறது என்று பாத்திரங்கள் விவாதிக்கிறார்கள். முறுக்கிய கயிற்றை இழுக்கும்போது நார்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இழுக்க இழுக்க நெருக்கம் கூடி உராய்வும் கூடுகிறது. அவிழ்க்கப் பார்க்கும் விசையே இறுக்கவும் செய்கிறது. கேள்வி அத்தோடு முடியவில்லை. 2018-இல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டைன் என்ற மூவர், துணி ஏன் இற்றுக் கொட்டிவிடுவதில்லை என்பதை இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் ஆராய்ந்தார்கள். நார்களுக்கிடையே போதுமான தொடர்புகளும் போதுமான உராய்வும் இருந்துவிட்டால், நூல் சட்டென்று ஒரு எல்லையைக் கடந்து, நாரே அறுந்தால் ஒழிய விலகாத நிலைக்குப் போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட விடையின் சாரம். நாம் அணியும் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் உராய்வு, ஒரு பிள்ளையின் மடியில் கிடக்கும் சாண் நூலில் சோதிக்கக் கிடைக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

நார் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நீலகிரியில் ஒரு சொந்தப் பதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் நாட்டு ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது நீலகிரி செம்மறி. தமிழ்நாட்டின் பெரும்பாலான செம்மறிகள் இறைச்சிக்காக வளர்பவை, உடலில் முடிதான் இருக்கும். மென்கம்பளி தருவது இந்த மலையாடு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்த இனத்தைக் காத்து வருகிறது. அதன் கம்பளி நார் சுமார் 27 மைக்ரான் தடிமன். நம் தலைமுடி அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு தடிமன் இருக்கும்.

கம்பளி நாரை நுண்ணோக்கியில் பார்த்தால் மேலெல்லாம் செதில். ஒரு திசையில் தடவினால் வழுக்கும், எதிர்த்திசையில் மாட்டும். அதோடு நார் நேராக இராது, அலையலையாக நெளிந்திருக்கும். நாரின் இரு பாதிகளும் சற்றே வேறுபட்ட புரதக் கட்டமைப்பு கொண்டவை என்பதால் அது தானே நெளிந்துகொள்கிறது. செதில் உராய்வைக் கொடுக்கிறது, நெளிவு இடைவெளியையும் துள்ளலையும் கொடுக்கிறது. கம்பளிப் பந்தை அமுக்கினால் மறுபடி எழுவது அதனால்தான்.

அந்தப் புரதத்தின் பெயர் கெரட்டின். நம் முடியும் நகமும் மாட்டுக் கொம்பும் அதுவே. நெசவு ஆலைகளின் ஊரான இங்கிலாந்தின் லீட்ஸில் 1930-களில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி நாரின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார். இழுக்காத நார் ஒரு வடிவத்தையும், ஈரத்தில் இழுத்து நீட்டிய நார் வேறொரு வடிவத்தையும் படமாகத் தந்தன. உள்ளே ஏதோ மடிந்திருக்கிறது, இழுத்தால் விரிகிறது என்று அவர் ஊகித்தார். அந்த மடிப்பு ஒரு திருகு சுருள் என்பதை லைனஸ் பாலிங்கும் உடன் உழைத்தவர்களும் 1951-இல் வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற இன்னொரு புரதத்தின் கட்டமைப்பைத் துப்புத் துலக்கினார்கள்: மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி. இன்று உலகில் எந்தப் புரதக் கட்டமைப்பைச் சரிபார்த்தாலும், 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தின் மேல்தான் வைத்துப் பார்க்கிறார்கள். முறுக்கிய நூலுக்குள் நெளிந்த நார், நாருக்குள் சுருண்ட மூலக்கூறு. பந்தை அமுக்கிப் பார்க்கும் விரல் அத்தனை அடுக்கையும் ஒரே நேரத்தில் அமுக்குகிறது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கடையில் உல்லன் என்று கேட்டு நாம் வாங்கும் பளபளப்பான நூல் பெரும்பாலும் ஆட்டிலிருந்து வந்ததல்ல. அது அக்ரிலிக், பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து இழுத்த நார். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1950-இல் ஆர்லான் என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை குறைவு, நிறம் மங்காது, பூச்சி அரிக்காது, பிள்ளைகள் கைவேலைக்கு அதுவே போதும். வேறுபாட்டை அறிய நெருப்பெல்லாம் வேண்டாம். நன்றாக உலர்ந்த இரண்டு பந்துகளைத் தராசில் எடை பார்த்து, மழைநாளில் ஓரிரவு சன்னலோரம் வைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொட்டால் ஈரம்கூடத் தெரியாது. அக்ரிலிக் ஓரிரு சதவீதம்தான். நகைக்கடைத் தராசு மாதிரி நுட்பமான தராசு வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும், ஆசிரியரைக் கேட்கலாம்.

இந்த ஈரம்தான் இன்னொரு வேடிக்கைக்கும் காரணம். தை மாதத்து ஊட்டியில், வறண்ட குளிரில் அக்ரிலிக் ஸ்வெட்டரைக் கழற்றினால் சடசடவென்று பொரியும், தலைமுடி எழுந்து நிற்கும். மழைக்காலப் பர்லியாரில் அதே ஸ்வெட்டர் அமைதியாக இருக்கும். உரசும்போது இரண்டு இடத்திலும் மின்னூட்டம் பிறக்கத்தான் செய்கிறது. ஈரக் காற்றில் நாரின் மேல் படியும் நீர்ப்படலம் அதைக் கசியவிட்டுவிடுகிறது, வறண்ட காற்றில் அது தங்கிவிடுகிறது. மின்னூட்டம் தங்கிய நூல்கள் ஒன்றையொன்று விலக்கும். பிளாஸ்டிக் சீப்பை முடியில் தேய்த்து, வறண்ட நாளில் அக்ரிலிக் பந்தின் அருகே கொண்டுபோனால், பிசிறுகள் சீப்பை நோக்கித் தலை நிமிர்வதைப் பார்க்கலாம்.

அக்ரிலிக் பிசிறு மக்காது. பந்தைக் கத்தரித்து வட்டமாக்கும்போது ஒரு கைப்பிடி துணுக்கு விழும். அதைப் பெருக்கி வாசலில் தள்ளினால் மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகும். பர்லியார்ச் சரிவின் தண்ணீர் இறங்கிப் பவானியில் சேர்கிறது. கீழே அது குடிநீர். ஆகவே வெட்டும்போது மடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, துணுக்கை எல்லாம் ஒரு துணிப்பையில் சேர்த்துத் தைத்தால் ஊசி குத்தி வைக்கும் திண்டு ஆகிவிடும். சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் நூல் விரலில் சுற்றிக்கொள்ளாமலும், பிசிறு வாய்க்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. மெல்லிய நூல் விரலில் இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும், நூலோ கண்ணுக்கும் தெரியாது.

நூலை வைத்து இந்த மலையில் நடக்கும் வேலைகள் இன்னும் பல. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழைகளை எண்ணி எண்ணிப் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேத்தி அருகே எல்லநள்ளியில் 1949-இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையிலிருந்து பின்னல் ஊசிகள் உலகெங்கும் போகின்றன. ஊட்டிப் படகு இல்லத்துக்கு எதிரே நூல் பூங்கா இருக்கிறது. ஆன்டனி ஜோசப் வகுத்த முறையில், ஊசியோ எந்திரமோ இல்லாமல் கையாலேயே நூலைச் சுற்றிச் செய்த பூக்களும் செடிகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. ஐம்பது பெண்கள் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது என்று பூங்காவினர் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு போனால் பூக்களைவிட, சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடச் சொல்லுங்கள்.

இயற்கையும் இந்த உருவத்தைப் பல முறை செய்து பார்த்திருக்கிறது. தரையில் தொட்டாற்சுருங்கியின் இளஞ்சிவப்புப் பூ, மேலே ஊட்டிப் பக்கம் வாட்டில் மரத்தின் மஞ்சள் பூ, கோயில்களில் கடம்பு, எல்லாம் பந்துகள். தொட்டாற்சுருங்கியில் நூலாகத் தெரிபவை மகரந்தக் காம்புகள்; நாம் ஒரு பூ என்பது பல சிறு பூக்களின் கூட்டம். எந்தத் திசையிலிருந்து பூச்சி வந்தாலும் மகரந்தம் படும். ரம்புட்டானின் முடிக்கு விலையும் உண்டு. மேற்பரப்பு அதிகம், அதனால் நீர் ஆவியாவதும் அதிகம். பறித்த இரண்டு மூன்று நாளில் முடி கறுத்துச் சுருண்டுவிடுவதைப் பழக்கடைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பழம் உள்ளே நன்றாகவே இருந்தாலும் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

கடைசியாக ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பந்தின் நூல்கள் எல்லாவற்றையும் மேற்பரப்போடு படியும்படி வாரிவிட வேண்டும். எங்கேயும் குத்திட்டு நிற்கக் கூடாது, எங்கேயும் சுழி விழக் கூடாது. பிள்ளைகளிடம் இதைப் போட்டியாக வைக்கலாம். கொஞ்ச நேரத்தில் “இந்தப் பக்கம் படிஞ்சா அந்தப் பக்கம் எழும்புது” என்று முறையிடுவார்கள். பூமத்திய ரேகை மாதிரி ஒரே திசையில் சுற்றி வாரினால் வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு சுழி மிஞ்சும். வேறு எப்படி வாரினாலும் ஓரிடத்திலாவது சுழி நின்றே தீரும். திறமை போதாமல் அல்ல. உருண்டையின் மேல் சுழியில்லாமல் வாருவது நடக்கவே நடக்காது என்று கணிதத்தில் நிறுவியிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவாங்காரேயும், 1912-இல் எல்லா இரட்டைப்படைப் பரிமாணக் கோளங்களுக்கும் விரித்து ப்ரௌவரும். நம் உச்சந்தலையில் சுழி பார்க்கிறோம், காளை வாங்கும்போது நெற்றிச் சுழி பார்க்கிறோம். பூமியின் மேல் வீசும் காற்றையும் இப்படி வாரிய முடியாகப் பார்க்கலாம். எந்தக் கணத்தை எடுத்தாலும், கிடைமட்டக் காற்று சற்றும் வீசாத ஓரிடமாவது பூமியில் இருந்தாக வேண்டும்.

தப்பிக்க வழியே இல்லையா என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். உருண்டையில்தான் இல்லை, நடுவே ஓட்டை உள்ள உளுந்து வடையின் உருவத்தில் உண்டு. அதன் மேல் முடியை ஒரு சுழியும் இல்லாமல் முழுக்க வாரிவிடலாம். அதற்குச் சாட்சியைப் பிள்ளைகள் ஏற்கெனவே கையில் பிடித்திருக்கிறார்கள். கத்தரியை நுழைப்பதற்கு முன், நூல் சுற்றி முடித்த அட்டை வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஓட்டைக்குள் இறங்கி, பின்னால் ஏறி, விளிம்பைத் தாண்டி மறுபடி இறங்கும் ஒவ்வொரு நூலும் பக்கத்து நூலோடு அணைந்து படுத்திருக்கிறது, எங்கும் சுழி இல்லை. விளிம்பை வெட்டி நடுவில் இறுக்கிய கணத்தில் வளையம் பந்தாகிறது, ஓட்டை மறைகிறது; அந்தக் கணத்திலிருந்து சீப்புக்கு வெற்றி கிடையாது. அடுத்த பந்துக்கு அட்டை வெட்டும்போது இரண்டு வளையம் சுற்றி, ஒன்றை வெட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள்.